கீழ்ச்சுவர் மாரடைப்பில் வந்த "கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்": நிரந்தர பேஸ்மேக்கர் வைக்காமல் வீட்டுக்கு அனுப்பியது சரியா?

நிலாமுற்றம்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 66. பன்னிரண்டு நாள்களுக்கு முன் விடியற்காலையில் உடல் முழுதும் வியர்த்து, இரண்டு முறை வாந்தி எடுத்து, நடு நெஞ்சில் கல்லை வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறது என்று சொன்னார். மருத்துவமனையில் இசிஜி எடுத்ததும், இது கீழ்ச்சுவர் மாரடைப்பு என்றும், கூடவே "கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்" இருக்கிறது என்றும் சொன்னார்கள். அப்போது நாடி நிமிடத்துக்கு 42. வலது கொரோனரி தமனியில் இருந்த அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கு முன்பே தொடை வழியாக ஒரு வயரைச் செலுத்தித் தற்காலிக பேஸ்மேக்கரை இணைத்திருந்தார்கள். நான்காம் நாள் அதை எடுத்துவிட்டு, ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்பா இப்போது நன்றாக நடக்கிறார், சாப்பிடுகிறார். எனக்குத்தான் உறக்கமில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பாவும் மாரடைப்பில்தான் சேர்க்கப்பட்டார். அவருக்கும் இதே "கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்" என்றார்கள், இதேபோல் வயர் வைத்தார்கள். இரண்டாம் நாள் இரவு அவர் இறந்துவிட்டார். அதே பெயருள்ள கோளாறு அப்பாவுக்கு எப்படித் தானாகப் போய்விட்டது? போனது திரும்பி வராதா? நிரந்தர பேஸ்மேக்கரை வைத்துவிடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்தியிருக்க வேண்டுமா? ஸ்டென்ட் வைத்த உடனே மானிட்டரில் அகலமான துடிப்புகள் வரிசையாக ஓடியதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். யாரும் அதற்கு மருந்து கொடுக்கவில்லை என்பதும் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நாடித்துடிப்பு (இதய மருத்துவர்)

சகோதரி, முதலில் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. பேச்சுவழக்கில் நாம் "பிளாக்" என்ற ஒரே சொல்லை இரண்டு கோளாறுகளுக்கும் பயன்படுத்துகிறோம். "மூன்று பிளாக் இருக்கிறது, ஒன்று எண்பது சதவீதம்" என்று ஆஞ்சியோ முடிந்ததும் சொல்வது ரத்தக்குழாய் அடைப்பு. "ஹார்ட் பிளாக்" என்பது மின்கடத்தல் தடை. முதலாவதில் ரத்தம் போகாது, இரண்டாவதில் மின்தூண்டல் போகாது. "கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்" என்று அறிக்கையில் எழுதியிருந்தால், மேலறைகளில் பிறக்கும் தூண்டல் ஒன்றுகூடக் கீழறைகளுக்கு வந்து சேரவில்லை, மேலறை ஒரு தாளத்திலும் கீழறை தனித் தாளத்திலும் துடிக்கின்றன என்று பொருள்.

அடுத்தது, அந்தத் தடை எந்த இடத்தில் விழுந்தது என்பது. உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் இதில்தான் இருக்கிறது. தூண்டல் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவில் பிறந்து, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏவி கணுவில் ஒரு கணம் தாமதித்து, ஹிஸ் கற்றை வழியாக இறங்கி, வலது கற்றை, இடது கற்றை எனப் பிரிந்து, பர்கின்ஜி இழைகள் மூலம் தசைக்குள் பரவுகிறது. ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு ஏவி கணுவுக்கு ரத்தம் தருவது வலது கொரோனரி தமனி. கீழ்ச்சுவருக்கும் பெரும்பாலும் அதுவே தருகிறது. ஆகையால் கீழ்ச்சுவர் மாரடைப்பில் தடை ஏவி கணுவிலேயே விழுகிறது. வலது கற்றையும் இடது கற்றையின் முன்கிளையும் வேறொரு தமனியை நம்பியிருக்கின்றன. இடது முன்இறங்கு தமனி, அதாவது எல்.ஏ.டி., இடைச்சுவருக்குள் அனுப்பும் கிளைகளே அவற்றுக்கு உணவூட்டுகின்றன. முன்சுவர் மாரடைப்பில் தடை கணுவுக்குக் கீழே, கற்றைகளில் விழுவது அதனால்தான்.

கணுவில் தடை விழுந்தால், அதற்குச் சற்றுக் கீழே ஹிஸ் கற்றைப் பகுதியிலுள்ள செல்கள் பொறுப்பை ஏற்கின்றன. அவை நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை ஓரளவு நம்பத்தகுந்த தாளத்தைத் தரும். தூண்டல் வழக்கமான கற்றைகள் வழியாகவே இறங்குவதால் இசிஜியில் கீழறைத் துடிப்பைக் காட்டும் க்யூ-ஆர்-எஸ் அலை குறுகலாக இருக்கும். உங்கள் அப்பாவின் 42 அந்த வகையைச் சேர்ந்தது என்றே கருதுகிறேன். கற்றைகளில் தடை விழுந்தால், பொறுப்பேற்பது கீழறையின் அடியிலுள்ள செல்கள். அவற்றின் வேகம் 20 முதல் 40 வரைதான், அதுவும் முன்னறிவிப்பின்றி நின்றுபோகக் கூடியது, க்யூ-ஆர்-எஸ் அகன்றிருக்கும். அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் எழுதப்படுகிறது, ஆனால் இவற்றை இரண்டு தனி நோய்களாகவே நான் பார்க்கிறேன்.

ஏவி கணு எளிதில் சாவதில்லை என்பதும் முக்கியம். அதற்கு எல்.ஏ.டி.யின் இடைச்சுவர்க் கிளைகளிலிருந்தும் சிறிது ரத்தம் வந்து சேர்கிறது. கீழ்ச்சுவர் மாரடைப்பில் அது பெரும்பாலும் வீங்கிச் செயல் மங்கிக் கிடக்குமே ஒழிய, அழிந்துபோவது அரிது. அடைப்பை நீக்கியதும் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ விழித்துக்கொள்ளும். கற்றைகளில் தடை விழுகிறது என்றால் இடைச்சுவர்த் தசையின் பெரும்பகுதி இறந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

உங்கள் பெரியப்பாவுக்கு எந்தச் சுவரில் மாரடைப்பு வந்தது என்று தெரியுமா? பழைய அறிக்கை இருந்தால் பாருங்கள்.

நிலாமுற்றம்

மிக்க நன்றி, மருத்துவரே. "பிளாக்" என்றதும் வலது தமனி நூறு விழுக்காடு அடைத்ததைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது என்று இத்தனை நாள் நம்பியிருந்தோம். ஸ்டென்ட் வைத்த பிறகும் ஏன் வயர் இருக்கிறது என்று அம்மா செவிலியரிடம் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு அதுதான் காரணம். பெரியப்பாவின் கோப்பு அண்ணனிடம் இருக்கும். கேட்டுப் பார்க்கிறேன்.

இரவுப்பணி (இதயத் தீவிர சிகிச்சைச் செவிலியர்)

கண்ணாடிக்கு வெளியிலிருந்து நீங்கள் பார்த்த அந்த அகலமான துடிப்புகளைப் பற்றி நான் எழுதலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதே காட்சியை உள்ளிருந்து பல இரவுகள் பார்த்திருக்கிறேன்.

அடைபட்ட தமனி திறந்து ரத்தம் திரும்பப் பாயும்போது, பட்டினி கிடந்த தசையிலிருந்து கீழறைத் துடிப்புகள் வரிசையாக எழுவது உண்டு. வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 60-க்கும் 110-க்கும் இடையில் இருக்கும். மெதுவாகத் தொடங்கி, சிறிது நேரம் ஓடி, சைனஸ் தாளம் வேகம் பிடித்ததும் அடங்கிவிடும். ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் மருந்து கொடுப்பதில்லை. கொடுத்தால், அந்த நேரத்தில் இதயத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒரே தாளத்தையும் அணைத்துவிட நேரலாம். நாங்கள் அப்போது கைகட்டி நிற்பதில்லை, ஒரு கண் அழுத்தத்திலும் ஒரு கண் வேகத்திலும் இருக்கும். வேகம் 120-ஐத் தாண்டினால் அதை வேறு கதையாக எடுத்துக்கொண்டு மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரை அருகே இழுத்துவிடுவோம். வெளியே நின்ற உங்களுக்கு ஒருவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் தரப்புக் குறை.

கணுவில் விழும் தடை பெரும்பாலும் படிப்படியாக வரும். ஓர் இரவு மானிட்டர் தாளை ஓடவிட்டு ஸ்கேல் வைத்து அளந்தது நினைவிருக்கிறது. மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலையின் தொடக்கத்திலிருந்து க்யூ-ஆர்-எஸ் தொடங்கும் வரையுள்ள பி-ஆர் இடைவெளி முதல் துடிப்பில் ஐந்தரைச் சிறு கட்டங்கள், அதாவது 220 மில்லி விநாடி. அடுத்தது 300, அதற்கடுத்தது 340. நான்காவது பி அலை தனியாக வந்து நின்றது, பின்னால் எதுவும் வரவில்லை. மறுபடி 220-இலிருந்து தொடங்கியது. வென்கெபாக் என்று நாங்கள் அழைக்கும் வடிவம் இது. இரண்டு மணி நேரத்தில் இரண்டு பி-க்கு ஒரு க்யூ-ஆர்-எஸ் என்றானது, பிறகு முழுத்தடை. ஆனால் க்யூ-ஆர்-எஸ் கடைசிவரை குறுகலாகவே இருந்தது, நோயாளி என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அதே படிகளில் இறங்கியதுபோலவே ஏறி வந்தது: முழுத்தடை, இரண்டுக்கு ஒன்று, வென்கெபாக், நீண்ட பி-ஆர், இயல்பு.

உங்கள் அப்பாவின் வயரை எடுக்கும் முன் அநேகமாக இதைச் செய்திருப்பார்கள்: வயரோடு இணைத்த பேஸ்மேக்கர் பெட்டியின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, அடியில் அவருடைய சொந்தத் தாளம் எழுகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு நாள் முழுக்கப் பெட்டி ஒருமுறைகூடத் தூண்ட வேண்டியிராமல் சும்மா இருந்தால், பிறகுதான் வயருக்கு விடை கொடுப்பார்கள். தேவைக்கு மேல் ஒரு நாளும் அதை வைத்திருக்கக் கூடாது. தொற்று வரும், வயர் இடம் மாறும், அரிதாகக் கீழறைச் சுவரைத் துளைத்தும் விடும்.

மின்னோட்டம் (உடலியங்கியல் ஆசிரியர்)

மேலே சொல்லப்பட்டவற்றின் அடியில் செல் அளவில் என்ன நடக்கிறது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

இதயத் தசைச் செல் ஓய்வில் இருக்கும்போது உள்ளே மறை மின்னழுத்தத்தோடு, ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் வேறுபாட்டில், காத்திருக்கிறது. அந்த வேறுபாட்டைக் காப்பதற்கு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு தேவை. ரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே பொட்டாசியம் செல்லுக்கு வெளியே கசிந்து தேங்குகிறது, வேறுபாடு குறைகிறது. வேறுபாடு குறைந்த செல்லில் சோடியம் வாயில்களில் பல முன்கூட்டியே பூட்டிக்கொள்கின்றன. தூண்டல் வந்தாலும் செல் சோம்பலாகத்தான் எழுகிறது, தன் அண்டைச் செல்லுக்கு அதைத் தாமதமாகக் கடத்துகிறது. செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள இணைப்புப் புரதங்களும் மூடத் தொடங்குகின்றன. சில பாதைகள் மெதுவாகின்றன, சில அடைபடுகின்றன, சில பழைய வேகத்திலேயே ஓடுகின்றன. ஒரே தூண்டல் அடைபட்ட பாதையைச் சுற்றிக்கொண்டு பின்வழியாகத் திரும்பி வந்து தன்னைத்தானே மீண்டும் தொடங்கிவைக்க இடம் கிடைத்துவிடுகிறது. மாரடைப்பின் முதல் மணி நேரங்களில் கீழறை நடுக்கம் வந்து உயிர் போவதற்கு இந்தச் சீரற்ற கடத்தலே பெரும் காரணம். ஒரே கோளாறு ஓரிடத்தில் தடையாகவும் வேறிடத்தில் வெறித்த ஓட்டமாகவும் வெளிப்படுகிறது.

ஏவி கணுவில் கதை சிறிது மாறும். கணுச் செல்கள் சோடியத்தைவிடக் கால்சியம் வாயில்களையே நம்பியிருப்பதால் அங்கே கடத்தல் இயல்பிலேயே மிக மெதுவானது. விநாடிக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான். பர்கின்ஜி இழைகளிலோ அது 2 முதல் 4 மீட்டர். கீழ்ச்சுவரில், நாடியை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் உணர்முனைகள் செறிந்திருக்கின்றன. அங்கே அடி விழுந்ததும் அனிச்சையாக வேகஸ் தூண்டப்பட்டு, நாடி குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது, குமட்டுகிறது. உங்கள் அப்பாவின் வாந்தியையும் வியர்வையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முதல் சில மணி நேரத்தில் வரும் தடை இப்படி வேகஸால் வருவது, வேகஸின் பிடியைத் தளர்த்தும் அட்ரோபின் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். ஒரு நாள் கழித்து வருவது வேறு: பட்டினித் தசை வெளியிடும் அடினோசின் கணுவில் தேங்குவதும், வீக்கமும் அதற்குக் காரணம். அட்ரோபினுக்கு அது அத்தனை எளிதில் இணங்காது.

இந்தப் பாதையை மனிதர்கள் கண்டறிந்த வரிசை எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. பர்கின்ஜி இழைகள் 1839-இல், ஹிஸ் கற்றை 1893-இல், ஏவி கணு ஜப்பானியரான சுனாவோ தவாராவால் 1906-இல், சைனஸ் கணு கீத், ஃப்ளாக் இருவராலும் 1907-இல். ஆற்றின் கழிமுகத்தில் தொடங்கி ஊற்றுவரை நடந்ததுபோல், கடைசிக் கிளையில் தொடங்கித் தொடக்கப் புள்ளியைக் கடைசியில் தொட்டார்கள். வென்கெபாக் தன் பெயர்பெற்ற தாளத்தை 1899-இல் விவரித்தபோது இசிஜியே புழக்கத்தில் இல்லை. நாடியின் பதிவை வைத்தே அதைக் கணித்தார்.

தெளிவுவேண்டும்

மருத்துவர் சொல்வது புரிகிறது. ஆயினும் ஒரு குடும்பத்தினனாக எனக்கு உடன்பாடு இல்லாத இடம் ஒன்று உண்டு. ஒருமுறை முழுத்தடை வந்த மனிதருக்கு மறுபடி வராது என்று யாரால் உறுதி கூற முடியும்? பேஸ்மேக்கர் ஒரு சிறிய கருவி. ஒரு மணி நேரத்தில் வைத்துவிடுகிறார்கள். தேவைப்படாவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும், தேவைப்பட்டால் உயிரைக் காக்கும். என் குடும்பத்தில் நடந்திருந்தால் கருவியோடுதான் வீட்டுக்கு அழைத்துச் சென்றிருப்பேன்.

நாடித்துடிப்பு

உங்கள் அச்சத்தை மதிக்கிறேன், ஆனால் கருத்தை ஏற்க இயலவில்லை. "பாட்டுக்கு இருக்கும்" என்பதில்தான் பிழை. நிரந்தர பேஸ்மேக்கர் சதைக்கடியில் ஒரு பெட்டியும், ரத்தக்குழாய்க்குள் வாழ்நாள் முழுதும் தங்கும் வயர்களுமாக இருக்கிறது. பெட்டியை வைக்கத் தோலுக்கடியில் அறுத்த பையில் தொற்று ஏற்பட்டால் மொத்தத்தையும் பிடுங்கி எடுக்க வேண்டிவரும், ஆண்டுகள் கழித்து ஒட்டிப்போன வயரை எடுப்பது எளிய வேலையல்ல. அதோடு, ஸ்டென்ட் வைத்த புதிதில் இரண்டு வகை ரத்தத்தட்டு எதிர்ப்பு மாத்திரைகளை நிறுத்த முடியாது. அந்த நிலையில் பையை அறுத்தால் உள்ளே ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடுகிறது, ரத்தம் கட்டினால் தொற்றும் கூடுகிறது. வலது கீழறையிலிருந்து ஓயாமல் தூண்டிக்கொண்டிருந்தால் சிலருக்கு இதயத்தின் சுருங்கும் திறனும் காலப்போக்கில் குறைகிறது.

அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். 2021-இல் ஐரோப்பிய இதயவியல் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதல், மாரடைப்புக்குப் பின் குறைந்தது ஐந்து நாள்கள் காத்திருந்தும் தடை விலகாவிட்டால் நிரந்தரக் கருவியைப் பற்றி முடிவெடுக்கச் சொல்கிறது. தடை விலகியவருக்குக் கருவி வைப்பதில் பயனில்லை. உங்கள் அப்பாவுக்கு, நிலாமுற்றம், நான்காம் நாளே சொந்தத் தாளம் திரும்பி, அதன் பிறகும் மூன்று நாள்கள் கண்காணித்து அனுப்பியிருக்கிறார்கள். நானும் அதையே செய்திருப்பேன்.

காத்திருக்கத் தயங்குவது வேறு வகையினருக்கு. முன்சுவர் மாரடைப்பில் பி-ஆர் நீளாமலே திடீரென்று துடிப்பு விடுபடும் மோபிட்ஸ் இரண்டாம் வகை, ஒருமுறை வலது கற்றைத் தடையும் அடுத்தமுறை இடது கற்றைத் தடையுமாக மாறி மாறி வருவது, இவற்றைக் கண்டால் நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் தற்காலிகத் தூண்டலுக்கு ஆயத்தமாகிவிட வேண்டும். அங்கே வென்கெபாக் போன்ற முன்னறிவிப்பு கிடைக்காது. அட்ரோபினும் கைகொடுக்காது. தடை கணுவுக்குக் கீழே இருக்கும்போது அட்ரோபின் சைனஸ் வேகத்தை மட்டும் கூட்டி, கீழே வந்து சேரும் துடிப்புகளை இன்னும் குறைத்துவிடவும் கூடும்.

கீழ்ச்சுவர் மாரடைப்பில் தடை வந்தவர்களுக்கு ஆபத்தே இல்லை என்றும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தடை வராத கீழ்ச்சுவர் நோயாளியோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு மருத்துவமனை நாள்களில் இடர் அதிகம், ஏனெனில் அடைப்பு தமனியின் தொடக்கத்திலேயே இருந்து வலது கீழறையும் சேர்ந்து அடிபட்டிருப்பது பொதுவானது. வலப்பக்க நெஞ்சில் வி4ஆர் இசிஜி எடுக்காமல் இவர்களுக்கு நைட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அடிபட்ட வலது கீழறை உள்ளே வரும் ரத்தத்தை நம்பித்தான் இயங்குகிறது. நைட்ரேட் அந்த வரத்தைக் குறைத்து அழுத்தத்தைச் சரித்துவிடும்.

அகல்விளக்கு

இதே இழையில் கேட்கலாம் என்று நினைக்கிறேன். என் மாமனாருக்குப் பல ஆண்டுகளாகவே இடது கற்றைத் தடை இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு நெஞ்சுவலி வந்தால் இசிஜியில் மாரடைப்பே தெரியாது என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

முதல்மணி (அவசரப் பிரிவு மருத்துவர்)

கடினம் என்பது உண்மை, தெரியவே தெரியாது என்பது உண்மையல்ல. இடது கற்றை அடைபட்டால் இடது கீழறை தசை வழியாகவே, சுற்றுப்பாதையில், தாமதமாகத் தூண்டப்படுகிறது. தூண்டல் பரவும் முறை மாறினால் மீளும் முறையும் மாறுகிறது, எனவே மாரடைப்பே இல்லாதபோதும் க்யூ-ஆர்-எஸ்ஸை அடுத்து வரும் எஸ்-டி பகுதி இயல்பாகவே உயர்ந்து காணப்படும். அதில் விதி ஒன்று உண்டு: க்யூ-ஆர்-எஸ் எந்தத் திசையில் போகிறதோ, எஸ்-டி அதற்கு எதிர்த்திசையில் போக வேண்டும். இரண்டும் ஒரே திசையில் போனால் சந்தேகம் வலுக்கிறது. 1996-இல் எலேனா ஸ்கார்போஸாவும் குழுவினரும் இதை மதிப்பெண்ணாக்கினார்கள். ஒரே திசையில் 1 மில்லிமீட்டர் எஸ்-டி உயர்வுக்கு 5, வி1 முதல் வி3 வரையுள்ள நெஞ்சு லீடுகளில் (இசிஜிப் பதிவுகளில்) 1 மில்லிமீட்டர் எஸ்-டி தாழ்வுக்கு 3, எதிர்த்திசையில் 5 மில்லிமீட்டர் உயர்வுக்கு 2. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மாரடைப்பு என்றே நடக்க வேண்டும். வராவிட்டால் மாரடைப்பு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல மாரடைப்புகள் இந்தக் கணக்கில் தப்பிவிடுகின்றன. மூன்றாவது விதிக்குப் பதிலாக, எஸ்-டி உயர்வை எஸ் அலையின் ஆழத்தோடு ஒப்பிட்டு, அது கால் பங்கு அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கும் திருத்தம் பிற்பாடு வந்தது. நான் அதையே பயன்படுத்துகிறேன்.

முன்பெல்லாம் "புதிய இடது கற்றைத் தடை" என்றாலே உடனடி மாரடைப்புக்குச் சமம் என்று கற்பித்தார்கள். 2013-இன் அமெரிக்க வழிகாட்டுதல் அதை மட்டும் தனியாக வைத்து அப்படி முடிவு செய்வதைக் கைவிட்டது, ஏனெனில் அவ்வாறு ஆஞ்சியோ அறைக்கு விரைந்தவர்களில் பலருக்கு அடைபட்ட தமனியே இல்லை. அந்த மாற்றத்தை நான் வரவேற்றேன், ஆனால் அதனால் வலது கற்றைத் தடையை நாம் இன்னும் குறைவாக மதிக்கிறோமோ என்று கவலைப்படுகிறேன். நெஞ்சுவலியோடு புதிதாக வலது கற்றைத் தடை தென்பட்டால், எல்.ஏ.டி.யின் தொடக்கத்திலேயே அடைப்பு இருக்கக்கூடும். இங்கே எஸ்-டி உயர்வு மறையவும் மறையாது, பார்க்கும் கண் வேண்டும் அவ்வளவுதான். 2017-இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் இரண்டு கற்றைகளையும் சமமாக வைத்துப் பேசியது சரியென்றே நினைக்கிறேன்.

அகல்விளக்கு, மாமனாரின் இப்போதைய இசிஜியைத் தெளிவாகப் படமெடுத்து, குடும்பத்தில் இரண்டு மூன்று பேரின் தொலைபேசியில் வைத்திருங்கள். நள்ளிரவில் வலியோடு வருபவரிடம் பழைய இசிஜி ஒன்று இருந்தால், "இது புதியதா, பழையதா" என்ற கேள்வியிலேயே பல நிமிடங்கள் மிச்சமாகும்.

நிலாமுற்றம்

பெரியப்பாவின் கோப்பு கிடைத்தது. அதில் "பரந்த முன்சுவர் மாரடைப்பு" என்றும், சேர்க்கும்போது "வலது கற்றைத் தடை, இடது முன்கிளைத் தடை" என்றும், ஆறு மணி நேரம் கழித்து "முழுத்தடை, கீழறை வேகம் 28" என்றும் எழுதியிருக்கிறது. இசிஜி தாள் மங்கிப்போயிருந்தாலும் கட்டங்கள் தெரிகின்றன. க்யூ-ஆர்-எஸ் மூன்றரைச் சிறு கட்டத்துக்கு மேல் அகன்றிருக்கிறது. அப்பாவினுடையதை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தேன், இரண்டு கட்டம்தான். ஒன்று மட்டும் இன்னும் கேட்க வேண்டும். பெரியப்பாவுக்குத் தூண்டல் வயர் சரியாக வேலை செய்தது என்று அதே கோப்பில் இருக்கிறது. பிறகு ஏன் அவர் போனார்?

நாடித்துடிப்பு

கோப்பைத் தேடி எடுத்ததற்கு நன்றி. அதைத் திறப்பது உங்களுக்கு எளிதாக இருந்திருக்காது.

மின்பாதையின் இரண்டு கிளைகள் ஏற்கெனவே அடைபட்டிருந்தன, மூன்றாவதான இடது பின்கிளையும் போனபோது முழுத்தடை வந்தது. மூன்றையும் ஒருசேர அடிக்க வேண்டுமானால் இடைச்சுவரில் மிகப் பெரிய பகுதி இறந்திருக்க வேண்டும். வயர் தாளத்தைத்தான் மீட்டுத் தரும். தாளத்துக்கு ஏற்பச் சுருங்கத் தசை மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா? முன்சுவர் மாரடைப்பில் முழுத்தடை வந்தவர்கள் இறப்பது பெரும்பாலும் நாடி குறைவதால் அல்ல, இதயம் ரத்தத்தை உந்த முடியாமல் போவதால். அன்று வயர் வைத்தது பிழையல்ல, அது தாமதமும் அல்ல. நோய் அத்தனை பெரியதாக இருந்தது.

அப்பாவைப் பற்றி இன்னும் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அவர் எடுக்கும் மருந்துகளின் பட்டியலை எழுத முடியுமா? நாடியைக் குறைப்பவை ஏதும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நிலாமுற்றம்

ஆஸ்பிரின், டிகாக்ரெலார், அட்டோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில். பீட்டா பிளாக்கரை அடுத்த வருகையில் முடிவு செய்யலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாத்திரைகள் இவ்வளவுதான். கண் அழுத்தத்துக்கு ஒரு சொட்டு மருந்து எட்டு ஆண்டுகளாகக் காலையும் மாலையும் விடுகிறார். அது கண்ணுக்கு என்பதால் மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. புட்டியில் டிமோலால் என்று இருக்கிறது.

நாடித்துடிப்பு

டிமோலாலும் ஒரு பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விடும் சொட்டு, கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஈரலைத் தாண்டிப் போக வேண்டிய மாத்திரையைவிடச் சில வேளைகளில் கூடுதல் வலுவோடு சேர்கிறது. நாடி குறைவதும் ஏவி தடையும் அதனால் வருவது நன்கு அறியப்பட்ட ஒன்று. அப்பாவுக்கு வந்த தடைக்கு மாரடைப்பே முழுக் காரணமாக இருக்கலாம், ஆனால் இப்போதுதான் விழித்தெழுந்த கணுவின் மேல் அந்தச் சொட்டையும் ஏற்றிவைக்க வேண்டாம். நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், கண் அழுத்தம் ஏறினால் பார்வை போகும். நாளைக்கே கண் மருத்துவரிடம் மாரடைப்பையும் தடையையும் சொல்லி மாற்று மருந்து கேளுங்கள். டிகாக்ரெலார் சிலருக்குத் துடிப்பில் இடைநிற்றலை ஏற்படுத்துவதுண்டு. பெரும்பாலும் அறிகுறியின்றிப் போய்விடும். அதையும் நிறுத்தக் கூடாது, ஆனால் தலைசுற்றல், கண் இருட்டுதல், மயக்கம் எது வந்தாலும் அன்றே இசிஜி எடுங்கள். இதய மருத்துவரிடம் உடலில் மாட்டிக்கொண்டே 24 மணி நேரமும் இசிஜி எடுக்கும் ஹோல்ட்டர் பதிவு பற்றியும் கேட்டு வையுங்கள்.

நிலாமுற்றம்

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். கண் மருத்துவர் டிமோலாலை நிறுத்திவிட்டு, இரவில் ஒருமுறை மட்டும் விடும் லடானோப்ரோஸ்ட் சொட்டுக்கு மாற்றினார். இதய மருத்துவரிடமும் சொன்னோம். அவர் உடனே கோப்பில் சிவப்பு மையால் எழுதிக்கொண்டார். நேற்று எடுத்த இசிஜியில் நாடி 68, பி-ஆர் நான்கு கட்டத்துக்குச் சற்றே அதிகம், 170 மில்லி விநாடி என்று அச்சாகியிருக்கிறது. ஹோல்ட்டர் பெட்டி இப்போது அப்பாவின் இடுப்பில் தொங்குகிறது. நாளைக் காலை கழற்றிக் கொடுக்க வேண்டும்.

நாடித்துடிப்பு

170 நல்ல எண். ஹோல்ட்டரில் பகல் நேரப் பதிவைவிட, அவர் உறங்கும் நேரத்தில் நீண்ட இடைநிற்றல் ஏதும் இருக்கிறதா என்பதையும், அது எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். உறக்கத்தில் வேகஸ் ஓங்கி நாடி சற்று இறங்குவது யாருக்கும் இயல்புதான். அறிக்கை வந்ததும் பி-ஆர், க்யூ-ஆர்-எஸ் எண்களோடு இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.